மூட்டை எப்படிப் போகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே

பேரிடர்க் காலத்தில் நிவாரணப் பொருள் சேகரித்து அனுப்பும் பொறுப்பில் இருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும், ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியிலிருந்து ஒரு மடல்.

நான் பிறந்தது திருவில்லிபுத்தூர். வாக்கப்பட்டு வந்தது சத்திரப்பட்டி. எங்கள் வீட்டில் ஆறு விசைத்தறி ஓடுகிறது. நெய்வதெல்லாம் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும்தான். ஆஸ்பத்திரியில் உங்கள் வீட்டுப் பிள்ளையின் முழங்காலில் சுற்றிய வெள்ளைத் துணி எங்கள் பக்கத்துத் தறியில் ஓடியதாக இருக்கலாம். நான் மேடை ஏறிப் பேசத் தெரிந்தவள் இல்லை. ஆனால் ஒரு பொருளை வெட்டி, சுருட்டி, உறை போட்டு, வண்டியில் ஏற்றி, போய்ச் சேர்கிற இடத்தில் சேதாரம் இல்லாமல் சேர்ப்பது இருபத்தைந்து வருடமாக என் வேலை. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

உங்கள் அலுவலகத்தின் பெயரையோ, உங்களில் யாருடைய பெயரையோ எழுதப் போவதில்லை. ஏற்கெனவே இரண்டு கடிதம் பெயரும் பதவியும் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒன்றுக்கு, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. மற்றதற்கு அதுவும் இல்லை. அதற்குள் இரண்டு வடகிழக்குப் பருவமழை வந்து போய்விட்டது. அதனால்தான் ஊரறியத் திறந்த மடலாக எழுத வேண்டி வந்தது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் தேதி. விடியற்காலையில் அம்மா வீட்டில் திருப்பாவை கேட்டுவிட்டு வரலாம் என்று திருவில்லிபுத்தூர் போயிருந்தேன். மழை வேண்டிப் பாடிய ஆண்டாள் பிறந்த ஊர் எங்கள் ஊர். அன்றைக்கு மழை தொடங்கியது, நிற்கவே இல்லை. மறுநாள் காலையில் செய்தியில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் என்றார்கள். தப்பாகச் சொல்கிறார்களோ என்றுதான் முதலில் நினைத்தோம். ஒரு வருடம் முழுக்கப் பெய்தாலே நிறைவு என்று நினைக்கிற மழை ஒரே நாளில்! தாமிரபரணி கரை உடைந்து ஊருக்குள் வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. சுமார் 800 பேர் அதில். அவர்களுக்கு அக்கம்பக்கத்துக் கிராமத்தார் சோறு பொங்கிப் போட்டதை நாடே பார்த்தது. பிறகு ஹெலிகாப்டரிலும் உணவு வந்தது.

என் அக்கா வாழ்க்கைப்பட்டது அந்த ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆற்றங்கரையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கிராமம். 18ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு அக்கா பேசியதுதான் கடைசி. "தண்ணி திண்ணைக்கு வந்துருச்சுடி, மாடிக்குப் போறோம்" என்றாள். பிறகு போன் இல்லை.

19ஆம் தேதி எங்கள் பக்கத்தில் பொருள் சேகரிக்கிறார்கள் என்று தகவல் வந்தது. எங்கள் தெருவே கிளம்பிவிட்டது. தறியை நிறுத்தி, பாவு ஓடுகிற கூடத்தில் அடுப்பு வைத்தோம். புளியோதரை கிளறி இலையில் வைத்து, மேலே பேப்பர் சுற்றி நூல் போட்டுக் கட்டினோம். பால் பவுடர், தண்ணீர் பாட்டில், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, காய்ச்சல் மாத்திரை. நான் என் பங்குக்கு ஐந்நூறு ரோல் பேண்டேஜும் கண்ணாடிப் புட்டியில் கிருமிநாசினியும் வைத்தேன். திருவில்லிபுத்தூரிலிருந்து என் தம்பி பால்கோவா வாங்கிவந்தான், குழந்தைகளுக்கு என்று. எல்லாவற்றையும் நாங்கள் பேண்டேஜ் அனுப்புகிற அட்டைப்பெட்டியிலேயே அடுக்கி, டேப் ஒட்டினோம்.

அப்போது தெருக்கோடி வீட்டுப் பெரியவர் வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அசாமில் ஜோர்ஹாட்டில், மலையுச்சியில் காவல் இருக்கும் வீரர்களுக்கு விமானத்தில் மூட்டை ஏற்றி அனுப்புகிற பிரிவில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர். பெட்டிகளைப் பார்த்தார். என்னிடம் கேட்டார்.

"தாயி, இது லாரில போகுதா, மேல இருந்து போடுறாகளா?"

"லாரிலதான் பெரியப்பா. கேட்டுட்டோம்."

"ரோடே இல்லங்கிறான் செய்தில. லாரி எப்படிப் போகும்? நாலு மூட்டையாவது என்கிட்ட விடு."

நாங்கள் கேட்டது உண்மை. உங்கள் சேகரிப்பு இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் நானே கேட்டேன். "எல்லாம் வண்டியில போயிரும், வச்சிட்டுப் போங்கம்மா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

பெரியவர் என்ன செய்தார் என்று விளக்கமாகச் சொல்கிறேன். இந்த மடலில் மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அவல், பொரிகடலை, வெல்லம், பிஸ்கட் என்று அடுப்பு தேவைப்படாத பண்டமாகப் பார்த்து எடுத்தார். சின்னச் சணல் சாக்கில் முக்கால் அளவுக்கு மட்டும் போட்டார். கழுத்து வரை திணிக்கவே இல்லை. கோணி ஊசியால் வாயைத் தைத்தார். அந்தச் சாக்கை இன்னொரு பெரிய சாக்குக்குள் போட்டார். இடைவெளியில் எங்கள் தறிக் கழிவுப் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து அடைத்தார். வெளிச் சாக்கையும் தளர்வாக விட்டுத் தைத்தார். உள் சாக்கு கிழிந்தாலும் வெளிச் சாக்கு பண்டத்தைப் பிடித்துக்கொள்ளும், இறுக்கமாகக் கட்டினால் இரண்டும் சேர்ந்து வெடிக்கும் என்றார். தண்ணீர் பாட்டிலை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். கண்ணாடிப் புட்டியைப் பார்த்ததும், "இது ஆள கொல்லும் தாயி" என்றார். நான் கேட்கவில்லை. அதை என் பெட்டியிலேயே வைத்தேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

சாலை திறந்து நாங்கள் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேரக் கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. வழியெல்லாம் வாழை சாய்ந்து கிடந்தது. வீட்டுச் சுவரில் என் தலைக்கு மேலே சேற்றுக் கோடு. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள், அதுவே போதும் என்று கட்டிப்பிடித்து அழுதோம். பிறகு அக்கா மகன் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் ஒரு அட்டைத் துண்டைக் காட்டினான். எங்கள் தறி லேபிள்! "சித்தி, உங்க வீட்டுப் பெட்டிதான் மேல இருந்து விழுந்துச்சு."

20ஆம் தேதி ஹெலிகாப்டர் வந்ததாம். மாடியில் நின்ற ஜனங்கள் சேலையை வீசிக் காட்டினார்களாம். கதவோரம் நின்ற வீரர் பெட்டிகளைத் தள்ளிவிட்டார். ஒன்று தென்னையில் பட்டுத் தண்ணீரில் விழுந்து ஆற்றோடு போனது. ஒன்று பக்கத்து வீட்டு ஓட்டை உடைத்தது. எங்கள் பெட்டி கைப்பிடிச் சுவரில் மோதி வெடித்தது. புளியோதரைப் பொட்டலம் தெறித்துச் சேற்றோடு சேர்ந்தது. கண்ணாடிப் புட்டி நொறுங்கி, பால் பவுடரிலும் பால்கோவாவிலும் சில்லு. இரண்டு நாள் பட்டினி கிடந்த பிள்ளைகள் எதிரே அந்தப் பால்கோவாவை அள்ளித் தண்ணீரில் போட்டாளாம் அக்கா. "கண்ணாடி இருக்கும்னு தெரிஞ்சும் சின்னவன் கைய நீட்டினான்டி" என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. ஐந்நூறு ரோல் பேண்டேஜில் உலர்ந்தது ஒன்றுகூட இல்லை. சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறிய காஸ் துணியைக் காயத்தில் வைத்தால் காயம் அழுகும். அதைத் தயாரிக்கிற எனக்குத் தெரியும். அன்றைக்குத் தகரம் கிழித்த காலோடு ஒருவர் அதே மாடியில் இருந்தாராம். பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியிருக்கிறார்கள்.

பெரியவரின் நாலு மூட்டையில் இரண்டு அங்கே வந்திருக்கிறது. ஒன்றில் உள் சாக்கு கிழிந்திருந்தது, வெளிச் சாக்கில் பண்டம் அப்படியே. அந்த அவலையும் வெல்லத்தையும் வைத்துக்கொண்டு ஏழு வீட்டார் ஒன்றரை நாள் ஓட்டியிருக்கிறார்கள்.

ஹெலிகாப்டர் ஓட்டியவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அந்தக் காற்றிலும் மழையிலும், மின்கம்பிக்கும் தென்னைக்கும் நடுவே உயிரைப் பணயம் வைத்து வந்தவர்கள். அவர்கள் காலடியில் என்ன பெட்டி வைக்கப்பட்டதோ அதைப் போட்டார்கள். பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் கணக்குப் போட்டுக் காட்டினான்: 30 மீட்டர் உயரத்திலிருந்து விடுகிற பெட்டி, தரையைத் தொடும்போது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து தூக்கி எறிகிற மாதிரி. புளியோதரைப் பொட்டலமும் கண்ணாடிப் புட்டியும் அதைத் தாங்குமா? தாங்காது என்று எங்களுக்குத் தெரியாதது எங்கள் தப்பென்றால், பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, போகும் வழி மாறியபோது மூட்டையை மாற்றிக் கட்டாமல் ஏற்றியது யார் தப்பு?

பாராசூட் போட்டிருக்கலாமே என்று எங்கள் தெருவில் கேட்டார்கள். பெரியவர் சொன்ன பதில் நியாயமாகப் பட்டது. பாராசூட் விரிய உயரம் வேண்டும், இறங்க விரிந்த மைதானம் வேண்டும், காற்றில் அது எங்கே போகும் என்று கணக்குப் போட ஆள் வேண்டும். நாலாபுறமும் வெள்ளம் நிற்கிற ஊரில் ஒரு மொட்டை மாடியில் இறக்க முடியாது. அங்கே தாழப் பறந்து கையால் போடுவதுதான் வழி. அப்படியானால் மூட்டை அதற்கேற்றதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய வித்தையும் இல்லை. 1944இல் இம்பாலை ஜப்பான்காரன் சுற்றி வளைத்தபோது, ஜெனரல் ஸ்லிம்மின் படைக்கு அரிசியும் பருப்பும் குண்டும் மருந்தும் வானத்திலிருந்துதான் போயின. உடையாத பண்டத்தை இரட்டைச் சாக்கில் கட்டிப் பாராசூட் இல்லாமலே போட்டார்கள். உடைகிற பண்டத்துக்குப் பாராசூட். பட்டுத் துணி கிடைக்காதபோது ஸ்லிம் கல்கத்தா சணல் ஆலைக்காரர்களைக் கேட்டார். அவர்கள் சணலிலேயே பாராசூட் நெய்து கொடுத்தார்கள். வழக்கமான பாராசூட்டின் விலையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் ஆனது. தறி வீட்டுப் பெண்ணான எனக்கு இதைக் கேட்டபோது மெய்சிலிர்த்தது. கேட்க வேண்டியவர்களைக் கேட்டால் துணிக்காரர்கள் வழி சொல்வார்கள் என்று எண்பது வருடத்துக்கு முன்னால் ஒரு தளபதிக்குத் தெரிந்திருக்கிறது. 1936இல் மில் தொடங்கிய ஊர் ராஜபாளையம். பஞ்சும் நூலும் துணியும் சாக்கும் கயிறும் எங்கள் கையில் புழங்குகிற ஊர். எங்களை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

மருத்துவப் பொருளையும் வானத்திலிருந்து முறையாக இறக்கிய நாடு இது. 1951 மார்ச் 23 அன்று கொரியாவில், மருத்துவரான லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தன் ஆட்களோடு, அமெரிக்கப் படையினர் கூடவே விமானத்திலிருந்து குதித்தார். 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற இந்திய மருத்துவப் பிரிவின் தலைவர் அவர். குதித்த இடத்திலேயே காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. படையில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த இந்தியர் இருவரில் ஒருவரும் அவர்தான், அது 1941இல்.

1987 ஜூன் 4 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா திருவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்பில் வேலை செய்தார். சட்டுவத்தை நிறுத்தினால் பால் அடிப்பிடிக்கும். அவர் கிண்டிக்கொண்டே ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொன்னார். முந்தின நாள் ராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு உணவு ஏற்றிக்கொண்டு போன 19 படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. மறுநாள் இந்தியாவின் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருளைப் பாராசூட்டில் இறக்கின. பூமாலை என்று அதற்குப் பெயர். அதில் அரசியல் எவ்வளவு, கருணை எவ்வளவு என்று பெரியவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அடுப்படியில் நின்ற எனக்கு ஒன்றுதான் பதிந்தது: பசித்தவனுக்கு வானத்திலிருந்தும் சோறு இறக்க முடியும். அப்பா அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கிண்டினார். அந்த நினைவோடுதான் நான் 2023இல் பெட்டி அடுக்கினேன்.

இப்போது இன்னும் வசதி வந்துவிட்டது. கான்பூரில் பாராசூட் தயாரிக்கிற தொழிற்சாலை 1941 முதல் இருக்கிறது. ஆக்ராவில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 200 பேர் வரை சிகிச்சை கொடுக்கக்கூடிய நடமாடும் ஆஸ்பத்திரியைப் பெட்டி பெட்டியாகக் கட்டி, 2024 ஆகஸ்டில், 15,000 அடிக்கு மேல் உயரமான இடத்தில் சி-130ஜே விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கிக் காட்டினார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. அந்த அறிவில் ஒரு துளி, சாக்கை எப்படிக் கட்ட வேண்டும் என்கிற ஒரு பக்கத் துண்டுப் பிரசுரமாகவாவது சத்திரப்பட்டிக்கு வந்து சேரக்கூடாதா?

மேலிருந்து போடுவது விளையாட்டில்லை என்பதும் உலகத்துக்குத் தெரிந்ததே. 2024 மார்ச் 8ஆம் தேதி காசாவில் பாராசூட் விரியாமல் விழுந்த நிவாரணப் பெட்டி ஐந்து பேரைக் கொன்றதாகச் செய்தி வந்தது. அதே மாதக் கடைசியில், கடலில் விழுந்த மூட்டையை எடுக்க நீந்திப்போனவர்கள் மூழ்கி இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கண்ணாடிப் புட்டி கைப்பிடிச் சுவரில் மோதியது. ஒரு முழம் தள்ளி அக்கா மகன் நின்றிருந்தான்.

எங்கோ நடந்ததற்கு நீ ஏன் இவ்வளவு பேசுகிறாய் என்று நினைக்காதீர்கள். எங்கள் மேற்குப் பக்கம் முழுக்க மலை. சதுரகிரி மலைக்கோயிலுக்கு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஆயிரக்கணக்கில் ஜனம் ஏறுகிறது. 2015 மே மாதம் அமாவாசையை ஒட்டி வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். மேலே இருந்தவர்கள் இறங்க வழி இல்லாமல் தவித்தார்கள். ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் ஆற்றிலும், மலையில் மழை என்றால் அக்கரையில் மாட்டிக்கொண்ட ஜனத்தைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி இக்கரை சேர்க்கிறார்கள். கயிறு எட்டாத இடத்தில், இரண்டு நாள் தண்ணீர் வடியாமல் நின்றால் என்ன செய்வீர்கள்? ஹெலிகாப்டரைத்தான் கூப்பிடுவீர்கள். அன்றைக்கும் எங்கள் தெருதான் மூட்டை கட்டும். அன்றைக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவர் லாரியில் போகும் என்றுதான் சொல்வாரா?

நான் கேட்பது பெரிய பணம் ஆகிற காரியம் இல்லை. பொருள் சேகரிக்கிற முதல் நிமிடத்திலேயே, இது ரோட்டில் போகிறதா, படகில் போகிறதா, வானத்தில் போகிறதா என்று எங்களிடம் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள், நாங்கள் வானத்துக்கே கட்டிவிடுகிறோம். எந்தப் பண்டம் போடலாம், எது கூடாது, சாக்கு என்ன அளவு, ஒரு மூட்டை எத்தனை கிலோ என்று அது தெரிந்த படை ஆட்களைக் கேட்டுத் தமிழில் அச்சடித்து, ஒவ்வொரு சேகரிப்பு மேசையிலும் ஒட்டுங்கள். ஓய்வு பெற்றுவந்த படைவீரர்கள் எங்கள் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எங்கள் பெரியவரைப் போன்றவர்களை மழைக்கு முன்னால் ஒரு நாள் கூப்பிட்டு, எங்கள் பெண்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். ஊருக்கு ஒரு திடலை, ஒரு பள்ளிக்கூட மாடியைக் குறித்து வையுங்கள். மூட்டை விழும்போது ஜனம் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிக்கொடுங்கள். மருத்துவத் துணிக்கு மட்டும் நானே வழி சொல்கிறேன்: ரோலை ஒன்றுக்கு இரண்டு பாலித்தீன் பையில் காற்றில்லாமல் ஒட்டி, சுற்றிலும் கழிவுப் பஞ்சு வைத்துச் சாக்கில் தைத்தால் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், நனையாது. எங்கள் கிணற்றில் போட்டு, ஒரு ராத்திரி விட்டுப் பார்த்துவிட்டேன். காலையில் எடுத்துப் பிரித்தபோது உள்ளே துணி தறியிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

அரசு முத்திரையில் இருக்கும் கோபுரம் எங்கள் திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று சொல்லித்தான் நாங்கள் பிள்ளைகளை வளர்க்கிறோம். எனக்கு வந்த அந்த ஒரு வரிப் பதிலின் தலையிலும் அந்தக் கோபுரம் இருந்தது. அதைப் பார்த்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன். நம்ம ஊர்க் கோபுரத்தின் கீழே நல்ல சேதி இருக்கும் என்றுதான் பிரித்தேன்.

பெரியவருக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. பார்வை மங்கிவிட்டது. போன ஐப்பசியில் எங்கள் தறிக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, தடவித் தடவியே பதினோரு பெண்களுக்குச் சாக்குத் தைக்கக் காட்டிக்கொடுத்தார். நாங்கள் தைத்த அறுபது இரட்டைச் சாக்கு பரண் மேல் எலி கடிக்காமல் மடித்து வைத்திருக்கிறது. கோணி ஊசி பன்னிரண்டு, சணல் கயிறு நாலு கண்டு. உங்கள் ஆட்களை ஒரு நாள் அனுப்புங்கள். அவர் இருக்கும்போதே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சத்திரப்பட்டி பேண்டேஜ் தறி வீட்டுப் பெண் ஒருத்தி